சபையைச் சேர்ந்த இரண்டு விரல்கள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது என் நாத்தனார் பியூலா. என் மூத்த மகளுக்குக் கல்யாணச் சேலை எடுத்துவிட்டுத் திரும்பிய வருஷம், கரிசல்காட்டு நடுவில் பஸ் டயர் வெடித்து எல்லாரும் இறங்கி நின்றபோது, சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பருத்திக்காட்டைக் கைநீட்டிக் காட்டிச் சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன். எங்கேயாவது சுள்ளென்று இருந்தால் அது என்னுடைய கோபம். அது போகவேண்டும் என்று தினமும் முழங்கால் போடுகிறேன், இன்னும் போகவில்லை.

ஆறுதல்புரம் என்று ஒரு ஊர். பேரில் மட்டும்தான் ஆறுதல். ஊருக்குக் கிழக்குக் கோடியில் வேதக்கோயிலும், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டமும், சுற்றிலும் மாடி வீடுகளும்; மேற்குக் கோடியில் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் மில்லும், மில் வேலைக்காரர்களின் ஓட்டு வீடுகளும். கிழக்கே இருக்கிறவர்கள் ஜெபித்தார்கள், மேற்கே இருக்கிறவர்கள் பஞ்சுத் தூசியில் இருமினார்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு கூட்டமும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தது, பெஞ்சில் யார் பாயில் யார் என்று ஒருத்தரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மேற்குக் கோடியில் கடைசி வீடு சுகிர்தத்தின் வீடு. அவள் புருஷன் யோபு ஜின் மிஷினில் பருத்தி தள்ளுகிறவன். அவனுக்குக் கிட்டார் வந்த கதையே கேவலம்தான். அறுப்புப் பண்டிகை ஏலத்தில், காணிக்கையாக வந்த கோழி, முட்டை, வாழைத்தார் எல்லாம் விலைபோன பிறகு ஒரு பூசணிக்காய் மட்டும் மிஞ்சியது. யோபு அதைக் கேட்டான். ஏலம் விட்ட கமிட்டிச் செயலாளர் தேவநேசன் வாத்தியார், மிஷன் பங்களாவில் வெள்ளைக்காரம்மா விட்டுப்போன, கம்பி அறுந்த, கரப்பான் குடியிருந்த கிட்டாரைக் காலால் தள்ளி, "பூசணிக்காய் வேணும்னா இந்தப் பெட்டியையும் சேத்துத் தூக்கிட்டுப் போ, இடத்த அடைக்கு" என்றார். சபை சிரித்தது. யோபுவும் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு வந்தான். பூசணிக்காயைச் சுகிர்தம் அன்றைக்கே சமைத்துவிட்டாள்.

அவனுக்கு யாரும் வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, அதனால் அவனைக் கெடுக்கவும் யாரும் இல்லை. அவன் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறி, வண்டிமாடு வீடு திரும்புகிற நடையில், நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு மேலே ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளைச் சுண்டும்போது, அந்த வண்டிக்குள்ளே ஒருத்தி உட்கார்ந்து தன்பாட்டுக்குப் புலம்பிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். வாசிக்கிறவன் ஒருத்தன், கேட்கிறவனுக்கு இரண்டு ஆள். பாட்டும் அப்படித்தான், ஒரே வரியை இரண்டு தடவை பாடுவான், முதல் தடவை நமக்கு, இரண்டாம் தடவை தனக்கு, மூன்றாவது வரியில் கையை விரித்துவிடுவான்.

*மில்லுச் சங்கு ஊதிருச்சு, என் காது அடைச்சிருச்சு,*
*மில்லுச் சங்கு ஊதிருச்சு, என் காது அடைச்சிருச்சு,*
*கூலிக்கின்னு போன கையி வீடு திரும்ப மறந்திருச்சு.*

மில் லீவு விட்டால் போதும், கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தை சந்தையாய்ப் போவான், மாட்டுத்தரகர்களுக்கும் வளையல்காரிகளுக்கும் வாசிப்பான், இருட்டுமுன்னே திரும்பி வருவான். "கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்று சுகிர்தம் கேட்டால், "பாட்டு நடக்கு, நான் பின்னால போறேன்" என்பான்.

இந்தப் பாட்டு பாடினவன் கையை மில் சும்மா விடவில்லை. ஒரு மாசிமாதம், உருளையில் சிக்கிய பஞ்சை எடுக்கப் போனபோது இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் போயின. பஞ்சுக் குவியலுக்குள் சிவப்பாய்த் தெரிந்த இடத்தில் தேடி, இரண்டையும் எடுத்து, பிஸ்கட் டப்பாவில் பஞ்சு விரித்து வைத்து, சுகிர்தம் நேரே பாஸ்டரய்யாவிடம் போனாள். ஏனென்றால் அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. மில்லில் யாருக்குக் கை போனாலும் விரல் போனாலும் அதைக் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் பண்ணுவார்கள். எக்காளம் ஊதி மரித்தவர்கள் எழுந்திருக்கிற நாளில், ஒருத்தன் தன் விரலைத் தேடிக் குப்பைமேடு குப்பைமேடாய் அலையக் கூடாது அல்லவா. பாஸ்டரய்யா நல்ல மனுஷன், நல்லது செய்யவும் பயப்படுவார் கெட்டது செய்யவும் பயப்படுவார். அன்றைக்குக் கேட்க யாரும் இல்லாததால் நல்லதைச் செய்தார். வேலியோரம் சின்னக் குழி தோண்டி, மண்ணுக்கு மண் என்று மூன்று பிடி போட்டு ஜெபம் பண்ணினார்.

காயம் ஆறியதும் யோபு, ஒரு கலர் பாட்டிலின் கழுத்தை மட்டும் அறுத்து, விளிம்பைக் கல்லில் தேய்த்து, இடது சுண்டுவிரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டான். கம்பியை அழுத்த விரல் இல்லை, ஆகவே கண்ணாடியை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனான், கிட்டார் அழுத பிள்ளை தேம்புகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதே நேரத்தில், ஊரின் மறுகோடியில், அந்த இரண்டு விரலும் அழுத்தி வரவேண்டிய சுரங்கள் வேலியோர மண்ணுக்குள்ளிருந்து வந்தன. அங்கே ஒரு கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவன், சத்தம் வந்த மண்மேல் சுண்ணாம்பு சொட்டாதபடி வாளியைத் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

மண்ணிலிருந்து வந்த சத்தம் மேற்கே பாதி ஊர்வரைக்கும்தான் வந்தது. யோபுவின் சத்தம் கிழக்கே பாதி ஊர்வரைக்கும்தான் போனது. அவன் வாசலில் நின்றால் பாட்டு பாதி, கல்லறைத் தோட்டத்தில் நின்றால் பாட்டு மீதி. இரண்டும் சேருகிற இடம் எது என்று கண்டுபிடித்தவள் சாணி அள்ளுகிற ராஜாத்தி. தேவநேசன் வாத்தியார் தொழுவத்துக்குப் பின்னாலே இருக்கிற எருக்குழியில், தலையில் கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள். "ஏ சுகிர்தம் மைனி, அந்த எருக்குழியில நின்னா உம் புருஷன் பாட்டு முழுசா இருக்கு, ஒரு வடுவும் இல்ல" என்று ஓடிவந்து சொன்னாள்.

அடுத்த நாள் எருக்குழி நிறைய ஜனம். ஜார்ஜெட் சேலையும் செண்டு வாசனையுமாய், மாடி வீட்டு அம்மாமார்கள் சாணிக்கு நடுவே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றார்கள். கமிட்டி கூடியது. மண்ணுக்குள் விரல் வாசிக்கலாமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த விரல்கள் யாருக்குச் சொந்தம் என்றுதான் கேட்டார்கள். சபை நிலத்தில் இருப்பதால் சபைக்கு என்று தீர்மானமானது. விரலுக்கு ஞானஸ்நானம் உண்டா என்று ஒருத்தர் எழும்பினார், முழு ஆளுக்குக் கொடுத்தபோது விரலும் நனைந்திருக்கும் என்று இன்னொருத்தர் உட்காரவைத்தார். எருக்குழியை மூடி, சிமெண்ட் மேடை போட்டு, நாற்காலிகள் வாங்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் கொடுத்தவர் பேரை எழுதினார்கள். ராஜாத்திக்கு மேடையில் ஏற அனுமதி இல்லை. சாணிக் கையாம்.

யோபு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "வாத்தியாரய்யா, கிட்டாரத் தூக்கிட்டு ஒருக்கா கல்லறத் தோட்டத்துக்குள்ள போயி வாசிக்கேன். எம் பாட்ட நான் இன்னும் முழுசாக் கேக்கல."

"கல்லறத் தோட்டத்துல வாத்தியம் வாசிக்கதா? பரிசுத்த ஸ்தலம் ஓய் அது."

"அப்பம் எருக்குழி மேடைக்காவது வாரேன்."

தேவநேசன் வாத்தியார் பொறுமையாகச் சிரித்தார். பாடம் புரியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "நீ இங்க வந்தா சத்தம் சேருத இடம் அங்கிட்டு நகந்துருமே. நாக்காலியெல்லாம் சிமெண்டுல பதிச்சாச்சு. நீ உன் வீட்ல, உன் ஸ்டூல்ல, அசையாம இருந்து வாசி. அதான் உன் ஊழியம்."

ஸ்டூல் இருந்த இடத்தைச் சுற்றி ஆள்விட்டுச் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். சந்தைக்குப் போகக் கூடாது என்றார்கள். ஊரெல்லாம் நடந்து திரிந்த மனுஷன் அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்து, சாயந்தரந்தோறும் பாதிப் பாட்டை வாசித்தான், எதிர்ச்சத்தம் கேட்காத ஆள் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி. சுகிர்தம் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வாசிக்கும்போது அவன் தலை கிழக்குப் பக்கமாகச் சாய்ந்தே இருக்கும்.

டவுனிலிருந்து ஒரு சங்கீத நிபுணர் வந்தார். மேடையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து நின்று, "ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது வரிக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் விடுகிறாரே, அதுதான் யோபு பாணி! அந்த மௌனத்தில் தெய்வீகம் இருக்கிறது" என்று பிரசங்கம் பண்ணினார். அன்றிலிருந்து அந்த இடம் வரும்போது மேடையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டினார்கள். கோயில் பாடகர் குழுப் பையன்கள் கிட்டார் வாங்கி, இடது கையில் இரண்டு விரலை மடக்கி நூலால் கட்டிக்கொண்டு, மூன்று விரலால் அந்த நிறுத்தத்தை மட்டும் அசுர சாதகம் பண்ணினார்கள். ஐந்து விரலையும் ஆண்டவர் கொடுத்திருந்தார் அவர்களுக்கு.

நிபுணர் தன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்த அன்றுதான் வினை வந்தது. யோபுவோடு மில்லில் பக்கத்து மிஷினில் நின்ற மாடக்கண்ணு அன்றைக்குச் செத்துப்போனான். தெற்குத் தெருக்காரன், சுடலைமாடனைக் கும்பிடுகிறவன். யோபு கோட்டைத் தாண்டினான். கிட்டாரோடு பாடைக்கு முன்னால் நடந்து, சுடுகாடுவரைக்கும் மில்லுச் சங்குப் பாட்டை வாசித்துக்கொண்டே போனான். அவன் தெற்கே போகப் போக, சத்தம் சேருகிற இடமும் மேடையைவிட்டு இறங்கி, தொழுவத்தைக் கடந்து, தேவநேசன் வாத்தியார் வீட்டுக் குளிமுறிக்குள் போய் நின்றது. மேடையில் விருந்தாளிகள் ஒன்றும் கேட்காமல் விழித்துக்கொண்டிருந்தபோது, வாத்தியாரம்மா தலையில் சீயக்காயோடு கதவைத் திறந்து, "ரேடியோவக் குளிமுறிக்குள்ள வச்சது யாரு? என்னமாப் பாடுது, அழுகையா வருது" என்றாள்.

கமிட்டி யோபுவைக் கூப்பிட்டது. அஞ்ஞானி வீட்டு இழவில் வாசித்ததற்குச் சபை முன்னால் மன்னிப்புக் கேள் என்றார்கள். குளிமுறியைப் பற்றி ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

"மாடக்கண்ணு எங்கூட நின்னவன்," என்றான் யோபு. "மன்னிப்பு அவன்ட்ட வேணும்னா கேக்கேன், இன்னும் சத்தமா வாசிக்கலயேன்னு."

சபையைவிட்டு நீக்கிவிட்டார்கள். நற்கருணை கிடையாது, பாயில்கூட இடம் கிடையாது. ஆனால் விரல்களை நீக்கவில்லை. விரல்கள் ஒரு குற்றமும் செய்யாமல் ஒழுங்காக ஓரிடத்தில் இருந்ததால் அவை சபையைச் சேர்ந்தவை, ஆள் மட்டும் வெளியே. சாயந்தரமானால் ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். அவனும் வாசித்தான். எதிர்ப்பக்கம் தன் விரல்கள் தனியாய் வாசித்துக்கொண்டிருக்குமே என்று வாசித்தான்.

பஞ்சுத் தூசி அவன் நெஞ்சில் கட்டிக்கொண்டது. வைத்தியர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் பேசினார். இருமல் நின்ற ஒரு மத்தியானம் யோபு சொன்னான், "சுகிர்தம், என்ன அந்த விரல் பக்கத்துல வச்சிரச் சொல்லு. எழும்புத அன்னைக்கு நான் ஒரு பக்கம் அது ஒரு பக்கமா எழும்பக் கூடாது."

அவள் தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சேலை கட்டி, தேவநேசன் வாத்தியார் வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொல்லவில்லை, நின்றுகொண்டே கேட்டாள்.

"சபையில இல்லாத ஆளுக்கு எப்படிம்மா அங்க எடம் குடுக்க முடியும்?"

"வெரலுக்கு எடம் இருக்கே, ஐயா."

"வெரலு சபையச் சேந்தது."

"அது அவுகளோட வெரலுல்லா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரு சுகிர்தம், உன்ட்ட மறைக்காமச் சொல்லுதேன். ஆளையும் வெரலையும் ஒரே எடத்துல வச்சா சத்தமும் ஒரே எடத்துல இருந்துல்லா வரும்? அப்புறம் மேடைக்கு என்ன வேல? வருசத்துக்கு எத்தன பெரிய மனுசங்க வாராங்க. ஊர் பேரு கெட்டுரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையாகக் கேட்டார், "ஏம்மா, இப்பிடி இருமுதானே, அசனம் அன்னைக்காவது வாசிச்சிருவானா?"

சுகிர்தம் கோபப்படத் தெரியாதவள். வழியெல்லாம் அவரை மன்னிக்க ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் களைக்கொத்தியை எடுத்துத் தீட்டினாள்.

அசனப் பண்டிகை என்றால் சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். சட்டி சட்டியாய்ச் சோறும் ஆட்டுக்கறியும், வரிசை வரிசையாய் இலையும், சகோதர அன்பும். பாத்திரம் கழுவுகிற குழாய் கல்லறைத் தோட்டத்துக்குள் இருந்ததால் அன்றைக்கு மட்டும் அந்தக் கதவு திறந்து கிடக்கும். பாத்திரம் கழுவப் புறப்படுமுன் அவள் புருஷனை ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, "ஏங்க, நான் வாரவரைக்கும் நிறுத்தாம வாசிங்க" என்றாள். அவன் பாட்டில் கழுத்தைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டான்.

எல்லாரும் குனிந்து சாப்பிடுகிற நேரம். மேடையில் பெரிய மனுஷர்கள் மடியில் இலை வைத்து, ஒரு வாய் சோறு, ஒரு கண்மூடல், ஒரு தலையாட்டல் என்று இருந்தார்கள். சுகிர்தம் கழுவவேண்டிய அண்டாவும் கூடையுமாய் உள்ளே போய், வேலியோரம் குந்தி, ஒரு சின்ன ஜெபம் சொல்லி, களைக்கொத்தியால் வெட்டினாள். டப்பா துருப்பிடித்திருந்தது, கையில் எடுத்தபோது பூனைக்குட்டி வயிறு மாதிரி உள்ளே துடித்தது. அதைக் கூடையில் வைத்து முந்தானையால் மூடி, தெரு நடுவே மேற்கே பார்த்து நடந்தாள்.

அவள் நடக்க நடக்க, சத்தம் சேருகிற இடமும் மேடையைவிட்டு இறங்கி மேற்கே நடந்தது. முதலில் மேடையில் ஓர வரிசைக்குப் பாட்டு அறுந்தது, பிறகு நடுவரிசைக்கு, பிறகு எல்லாருக்கும். "எங்கவே போச்சு?" என்று எழுந்தார்கள். "இங்கிருக்கு, இங்கிருக்கு!" என்று ஒருத்தர் ரோட்டிலிருந்து கத்தினார். பதித்த நாற்காலிகளைச் சிமெண்டோடு பெயர்த்து, தங்கள் பேர் எழுதின நாற்காலியைத் தாங்களே தலையில் தூக்கிக்கொண்டு, கறிக்கையோடும் வேட்டியை மடித்துக் கட்டியும் பாட்டின் பின்னால் ஓடினார்கள். ஓரிடத்தில் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடுவதற்குள் பாட்டு எதிர்வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் போய்விடும். மறுபடி எழுந்து ஓட்டம். நிபுணர் சாக்கடையில் விழுந்தார், விழுந்த இடத்தில் பாட்டு கொஞ்சநேரம் நன்றாக இருந்ததாம். ராஜாத்தி மட்டும் அவசரப்படாமல், பாட்டின் கூடவே, அதற்கு நடுவே, பக்கத்து வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்து வந்தாள். கூடையோடு பின்னாலிருந்து வந்து கடந்து போன மனுஷியை அவ்வளவு பேரில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவுகிறவளை யார் பார்ப்பார்கள்?

சுகிர்தம் வாசற்படி ஏறி, டப்பாவைத் திறந்து அவன் காலடியில் வைத்தாள்.

யோபு நிறுத்தவில்லை. ஒரு சுற்று வாசித்தான், இன்னொரு சுற்று வாசித்தான், தலை கிழக்கே சாயாமல் நேரே நின்றது. மூன்றாவது வரி வந்தபோது அவன் முகம் மாறிற்று.

"சுகிர்தம்," என்றான். "நான் ஒரு எடத்துல பிந்துதேன். இத்தன நாளும் பிந்தியிருக்கேன். எதிர்ச்சத்தம் கேக்காம வாசிச்சதுல எனக்குத் தெரியல." டப்பாவைப் பார்த்தான். "இதுக அந்த எடத்துல எனக்காக நின்னு நின்னு வந்திருக்கு பாத்தியா. ஒருக்காகூட என்ன விட்டுட்டுப் போகல."

நிபுணர் கண்டுபிடித்த தெய்வீக மௌனம் அவ்வளவுதான். பாவப்பட்ட இரண்டு விரல், பிந்தி வருகிற மனுஷனுக்காகக் காத்து நின்றது.

அடுத்த சுற்றில் அவன் பிந்தவில்லை. பாட்டு ஒரு இடத்திலும் நிற்காமல், வீடு கண்ட மாடாய், நேரே உள்ளே போயிற்று. வாசலுக்கு வந்து மூச்சிரைத்து நின்றவர்கள் அந்த இடத்தில் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையாட்டத் தயாரானார்கள், நிறுத்தம் வரவில்லை. "கெடுத்துட்டான்" என்றார் நிபுணர், சாக்கடை சொட்டச் சொட்ட. "நோயில பாணி போயிருச்சு" என்றார் தேவநேசன் வாத்தியார். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். வாத்தியாரம்மா மட்டும் சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசியாய்ப் போனாள்.

மழைக்கு முன்னாலேயே யோபு போய்விட்டான். கோயில் மணி அடிக்கவில்லை. தெற்குத் தெருவிலிருந்து மாடக்கண்ணுவின் மக்கள் வந்து பாடை கட்டினார்கள். ரோட்டோரம் தன் தகப்பன் விட்டுப்போன துண்டுப் பருத்திக்காட்டில், இடது கையருகே அந்த இரண்டையும் பஞ்சில் வைத்து, சுகிர்தம் அவனை அடக்கம் பண்ணினாள். பாஸ்டரய்யா பக்கத்தில் யாரும் இல்லை என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு, சைக்கிளை நிறுத்தி, மூன்று பிடி மண் போட்டுவிட்டுப் போனார். பரிசுத்த ஸ்தலம் இல்லைதான். ஆனால் எக்காளம் ஊதுகிற அன்றைக்கு அவன் யாரிடமும் அனுமதி கேட்காமல், தேடாமல், முழு ஆளாக எழும்பலாம்.

மேடை இன்னும் இருக்கிறது. வருஷாவருஷம் யோபு விழா நடத்துகிறார்கள், பெரிய படம் வைத்து மாலை போட்டு, பேர் எழுதின நாற்காலிகளில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காத காற்றில் கண்ணை மூடிக்கொண்டு, அந்த நிறுத்தம் வரவேண்டிய இடத்தில் எல்லாரும் ஒரே சமயம் மூச்சைப் பிடிக்கிறார்கள். நன்றாகக் கேட்கிறதாம், முன்னைவிட நன்றாக.

பாட்டு நிஜமாய் வருகிற இடம் காட்டோரம். சாயந்தரம், காற்று அடங்கினபிறகு, பருத்திச்செடிக்குக் கீழேயிருந்து, வண்டிமாட்டு நடையும் புலம்பலும் சேர்ந்து, எங்கேயும் நிற்காமல், மிகவும் மெதுவாய். சுகிர்தத்துக்கு இப்போது காது மந்தம். மைல்கல்லில் உட்கார்ந்து, ஒரு கையால் காதை மடித்துப் பிடித்துக்கொண்டு கேட்பாளாம். ராஜாத்தி பக்கத்தில் இருப்பாளாம்.

நீங்கள் அந்த ரோட்டில் போனால், அந்த மைல்கல் இருக்கிற வளைவில் மட்டும் ஹாரன் அடிக்காமல் போங்கள்.